கோப்பாய்க் கோட்டையும் அவலநாயகனும்

1560 ஆம் ஆண்டு போர்த்துக்கேயப் படை நல்லூரைப் பிடித்தபோது யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி ஒதுங்கிய இடம் கோப்பாய். அங்கிருந்த கோட்டையிலும் அவன் தரிக்கவில்லை. துரத்தி வந்தவர்கள் கோட்டையை அடைந்தபோது அவன் வன்னிப் பக்கம் போய்விட்டிருந்தான். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. குடிகள் கிளர்ந்தெழுந்தார்கள், படை மன்னாருக்குப் பின்வாங்கியது, அரசு அவன் கைக்கே திரும்பியது. 59 ஆண்டுகளுக்குப் பின், 1619 இல், அதே சங்கிலி என்ற பெயரோடு நல்லூரில் இருந்த இன்னோர் அரசன் பிலிப் டி ஒலிவேராவின் படைக்குத் தப்பிக் கடல்வழியே போக முயன்று பிடிபட்டான். அவனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அவனோடு அரசும் போயிற்று.

முதலாமவன் விழுந்து எழுந்தவன், இரண்டாமவன் விழுந்தே போனவன். நாடகம் யாரைத் தேடிப் போகும் என்று கேட்டால் பதில் சுலபம். ஆனால் ஏன் விழுந்தான் என்ற அடுத்த கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் மட்டுமே நாலைந்து பதில்கள் உண்டு. அவனுடைய கொடுமை என்பார் சிலர். விதி என்பார் சிலர். காக்கைவன்னியன் காட்டிக்கொடுத்தான் என்பது பலரும் சொல்வது. பீரங்கிக்கு முன் வாள் என்ன செய்யும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அதென்சு நகரத்து மேடையில் தொடங்கி இன்றுவரை அவலநாயகனைப் பற்றிக் கேட்கப்பட்டு வரும் கேள்வியும் இதுவே. அதற்குக் கிடைத்த முக்கியமான விடைகளையும் அவற்றின் பலவீனங்களையும் நம் மேடையை உரைகல்லாக வைத்து இக்கட்டுரை பார்க்கிறது.

இரண்டு சங்கிலி, ஒரு கதை

யாழ்ப்பாண வைபவமாலையை மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில், மேக்கறூன் என்ற அதிகாரி கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுதினார். 1736 என்பது பொதுவாகச் சொல்லப்படும் ஆண்டு. அந்த நூலில் இரண்டு சங்கிலிகள் இல்லை, ஒருவனே இருக்கிறான். 1544 இல் மன்னாரில் புதிதாக மதம் மாறியவர்களைக் கொல்வித்த அரசனும், பல பத்தாண்டுகள் கழித்து முடியைப் பறிகொடுத்த அரசனும் அங்கே ஒரே ஆளாகிவிடுகிறார்கள். சுவாமி ஞானப்பிரகாசர் போன்றோர் போர்த்துக்கேய ஏடுகளோடு ஒப்புநோக்கிய பிறகே இந்த முடிச்சு அவிழத் தொடங்கியது.

வரலாற்றாசிரியர் கண்ணுக்கு இது பிழை. நாடகத்தைப் பற்றி யோசிப்பவருக்கோ இது பெரியதொரு தடயம். ஒருவன் செய்த கொடுமையையும் இன்னொருவன் அடைந்த முடிவையும் ஒரே உடலில் பொருத்தியதும் காரணமும் காரியமும் தாமாகவே கூடிவிடுகின்றன. கொன்றான், ஆகவே கெட்டான். இரண்டு ஆட்சிகளுக்கு நடுவே ஓடிய நீண்ட இடைவெளி, 1591 இல் புவிராஜ பண்டாரத்தைக் கொன்று எதிர்மன்னசிங்கத்தைப் போர்த்துக்கேயரே அரியணையில் ஏற்றிய சங்கதி, கப்பம், கடன் எல்லாமே அந்த இணைப்பில் காணாமற் போகின்றன. மயில்வாகனப் புலவர் வேண்டுமென்றே செய்தாரா, அவருக்குக் கிடைத்த ஏடுகளிலேயே அப்படித்தான் இருந்ததா என்பது வேறு விடயம். விளைவு ஒன்றுதான்: வரலாற்றில் இல்லாத ஓர் அவலநாயகன் பிறந்தான்.

அதே நூலில் சுபதிட்ட முனிவர் வருகிறார். அரசு பறங்கியர் கைக்குப் போகும், பின் உலாந்தேசர் என்னும் ஒல்லாந்தர் கைக்குப் போகும் என்று சங்கிலியின் காலத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறார். எழுதியவர் ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்து எழுதினார் என்பதை நினைவில் வைத்தால் இந்தத் தீர்க்கதரிசனம் எங்கிருந்து வந்தது என்று விளங்கும். ஆயினும் கதைக்குள் அது செய்யும் வேலை பெரிது. மக்பெத்தின் மூன்று சூனியக்காரிகள் செய்யும் வேலை அது. முடிவு முன்பே தெரிந்துவிடுவதால், நாயகன் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியும் அந்த முடிவை நோக்கியே போவதாகத் தோன்றும்.

அரிஸ்டோட்டில் சொன்னதும் நாம் கேட்டதும்

அவலநாயகன் முழு நல்லவனாகவும் இருக்கக்கூடாது, முழுக் கெட்டவனாகவும் இருக்கக்கூடாது, இடைப்பட்ட ஒருவன் ஒரு ஹமார்த்தியாவால் விழவேண்டும் என்பது அரிஸ்டோட்டில் கவிதையியலில் வகுத்த விதி. அந்தச் சொல்லை எப்படிப் பெயர்ப்பது என்பதில்தான் சண்டை முழுவதும். ‘குணக்குறை’ என்று எடுத்துக்கொண்டால் ஈடிப்பஸ் முன்கோபத்தால் கெட்டான், லியர் முகத்துதியில் மயங்கிக் கெட்டான், சங்கிலி பதவி வெறியால் கெட்டான் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நோய் எழுதிக் கொடுத்துவிடலாம். வகுப்பறைக்கு இது வசதியான மருந்துச்சீட்டு. நாடகமும் அரங்கியலும் படிக்கும் மாணவருக்கு இந்த விடை மனப்பாடமாகவே இருக்கும்.

1966 இல் கிரேக்க இலக்கிய அறிஞர் டொட்ஸ் எழுதிய ஒரு கட்டுரை இதைக் கடுமையாக மறுத்தது. ஹமார்த்தியா என்று அரிஸ்டோட்டில் சொன்னது குணக்குறையை அல்ல. உண்மை நிலை தெரியாமல் செய்த தவறையே அவர் கருதினார் என்பது டொட்ஸின் வாதம். ஈடிப்பஸ் தன் தகப்பனைத் தகப்பன் என்று அறியாமல் கொன்றான். கோபக்காரனாக இல்லாமல் சாந்த சொரூபியாகவே இருந்திருந்தாலும் அந்த அறியாமை அப்படியேதான் இருந்திருக்கும். அதேவேளை, அவன் வெறும் விதியின் பொம்மை என்பதையும் டொட்ஸ் ஏற்கவில்லை. கொலையும் திருமணமும் நாடகம் தொடங்குமுன்பே முடிந்துவிட்டன. மேடையில் நாம் காண்பது அவன் உண்மையைத் தேடுவதைத்தான். விட்டுவிடு என்று யொகாஸ்தா கெஞ்சியபோதும் அவன் விடவில்லை. அப்படி விடாமல் தேடவேண்டும் என்று எந்த அசரீரியும் அவனுக்குச் சொல்லவில்லை.

எனக்கு இதில் மிகப் பயனுள்ளதாகப் படுவது டொட்ஸ் நம்மைப் பார்க்கச் சொல்லும் இடம். நாயகனின் சாதகத்தையோ குணச்சான்றிதழையோ விட்டுவிட்டு, திரை விலகியபின் அவன் கையில் எது இருந்தது என்று பார்க்கச் சொல்கிறார்.

அரிஸ்டோட்டிலுக்கு நம் மேடை கொடுக்கும் அடி ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். முழு நல்லவன் விழுவதைக் கண்டால் இரக்கம் வராது, அருவருப்பே வரும் என்பது அவர் கணிப்பு. காங்கேசன்துறை வசந்தகான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திர மயான காண்டத்தை ஆடிய ஊர்களில் இது பொய்த்தது. அரிச்சந்திரனில் குற்றம் என்று சுட்ட எதுவும் இல்லை, அவனுடைய சத்தியமே அவனைச் சுடலைக்கு அனுப்புகிறது. லோகிதாசனைச் சுமந்து வரும் சந்திரமதியிடம் சுடலைக் கூலி கேட்கும் கட்டத்தில் சபை அழுதது. இறுதியில் தேவர்கள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுப்பார்கள் என்று தெரிந்தே அழுதது. தொல்காப்பியம் அழுகைக்கு நிலைக்களனாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கைச் சொல்கிறது. குற்றம் அந்தப் பட்டியலில் இல்லை. அழுவதற்கு, விழுந்தவன் ஏதாவது பிழை செய்திருக்கவேண்டும் என்ற கட்டாயம் தமிழ் மரபில் ஒருபோதும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஊழும் ஆராயாமையும்

தமிழில் விதிக்கொள்கையின் தலைமை நூல் சிலப்பதிகாரம். அது கூத்தல்ல, காப்பியம். ஆனாலும் அதன் மதுரைக் காண்டத்தைத் தவிர்த்துவிட்டு அவலத்தைப் பற்றிப் பேச முடியாது. ஊழ்வினை வந்து ஊட்டும் என்பது நூலின் பதிகமே சொல்லும் மூன்று நோக்கங்களில் ஒன்று. கோவலனின் சாவுக்கு முற்பிறப்பில் நடந்த ஒரு கொலைக் கதையே காரணமாகச் சொல்லப்படுகிறது.

கோவலனை அவலநாயகனாகக் கொள்ளும் வழக்கம் பரவலாக உண்டு. நான் அதை ஏற்கத் தயங்குகிறேன். அவன் கொலைக்களத்தில் என்ன நடக்கிறது என்று அறியாமலே இறக்கிறான். தன்னைக் கள்வன் என்று சொன்னார்கள் என்பதுகூட அவனுக்குத் தெரிந்ததாக நூல் காட்டவில்லை. அறிதல் இல்லாத இடத்தில் இழப்பு உண்டு, அவலநாயகனின் உச்சக்கட்டம் இல்லை. அந்த உச்சக்கட்டம் பாண்டியனுக்கு உரியது. அந்தப்புரம் நோக்கி நடந்துகொண்டிருக்கும் அரசனைப் பொற்கொல்லன் வழிமறித்துச் சொல்கிறான். அரசி ஊடியிருக்கிறாள், அரசனுக்கு அவசரம். நின்று விசாரிக்காமல் காவலருக்கு ஆணை கொடுக்கிறான். பின்பு கண்ணகி வருகிறாள். அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கப்பரல் தெறித்த கணத்தில் அரசன் தன்னையே கள்வனாகக் காண்கிறான். அரிஸ்டோட்டில் கேட்ட தவறும் திருப்பமும் அறிதலும் சில நொடிகளில் நிறைவேறிவிடுகின்றன. அவனுக்குத் தண்டனை கொடுக்க வேறொருவர் தேவைப்படவும் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அந்த ஆணை பிறக்கும் கட்டத்தில் வினை விளையும் காலம் வந்தது என்றும் அரசன் ஆராயவில்லை என்றும் இளங்கோ ஒரே மூச்சில் சொல்கிறார். ஊழையும் பிழையையும் அவர் பிரிக்கவில்லை. ஊழ் என்று சொல்லிவிட்டபடியால் அரசன் குற்றமற்றவன் ஆகவில்லை. அரசியல் பிழைத்தவனுக்கு அறமே கூற்றாகும் என்பதும் அதே பதிகத்தின் இன்னொரு நோக்கம். விதி என்றால் பொறுப்பு போய்விடும், பொறுப்பு என்றால் விதி போய்விடும் என்ற எதிர்நிலை பிற்காலத்தார் போட்ட கணக்காகத்தான் தோன்றுகிறது. சுபதிட்ட முனிவரின் வாக்கையும் அப்படியே வாசிக்கலாம். அவர் வாக்கு சங்கிலியின் கையைப் பிடித்துக் கொலை செய்ய வைக்கவில்லை.

கடமையும் கடமையும்

அந்திகொனியில் மோதுவது நன்மையும் தீமையும் அல்ல, நியாயமான இரண்டு கோரிக்கைகள் என்றார் ஹெகல். தமையனுக்குச் செய்யவேண்டிய ஈமக்கடன் ஒருபுறம், அரசாணை மறுபுறம். இந்தப் பார்வைக்குத் தமிழில் ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது: செஞ்சோற்றுக்கடன். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1960களில் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைப் பட்டதாரிகளின் மேடைக்குக் கொண்டுவந்தபோது முதலில் எடுத்தது கர்ணன் போர். கர்ணன் எந்தப் பக்கம் நியாயம் என்று தெரியாதவன் அல்லன். தாய் யார் என்றும் அறிந்தவன். இருந்தும் சோறிட்டவனை விட்டுப் போகமாட்டான்.

ஹெகலின் சட்டத்தில் கர்ணன் முழுமையாக அடங்கமாட்டான் என்பதும் உண்மை. அவனுடைய கதையில் பரசுராமர் சாபம், அந்தணர் சாபம், இந்திரன் வாங்கிய கவசகுண்டலம், குந்திக்குக் கொடுத்த வாக்கு, சல்லியன் இறங்கிப்போன தேர், மண்ணில் புதைந்த சில்லு என்று காரணங்கள் அடுக்கடுக்காக வருகின்றன. ஒன்றே போதும், இத்தனை எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஒருவேளை மரபு நமக்குச் சொல்வது அதுதானோ: பெரியவன் ஒருவன் விழ ஒரு காரணம் போதாது.

அதே காலத்தில் பேராதனையில் உருவான இராவணேசன், மௌனகுருவின் எழுத்தில், இராவணனை அவலநாயகனாகவே நிறுத்தியது. அங்கே விழுவது அறியாதவன் அல்லன். சீதையை விட்டுவிட்டால் எல்லாம் தீரும் என்று தெரிந்தும் விடமுடியாதவன். இந்த வகை நாயகனுக்கு ‘தவறு’ என்ற சொல் சிறிதாகிவிடுகிறது. அவனை உயர்த்திய அதே மிடுக்குத்தான் அவனைத் தாழ்த்துகிறது. விமரிசகர் பிராட்லி 1904 இல் சேக்ஸ்பியர் நாயகர்களைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. விபுலானந்த அடிகள் 1926 இல் மதங்க சூளாமணியில் செகசிற்பியாரின் 12 நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தின் வழியே வாசிக்க முனைந்ததை இவ்விடத்தில் நன்றியோடு குறிக்கவேண்டும். இரு மரபுகளையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கும் துணிவு அங்கிருந்துதான் நமக்கு வந்தது.

கழுமரத்தை நட்டது யார்

கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தவர்கள். ஈஸ்கிலசையும் அதென்சையும் பற்றி 1941 இல் தொம்சன் எழுதிய நூல், கிரேக்க அவலநாடகம் பழைய குலச் சமூகம் உடைந்து பணமும் புதிய அரசும் எழுந்த காலத்தின் பிள்ளை என்று வாதித்தது. இந்தப் பார்வையில் நாயகன் விழுவது இரண்டு காலங்களுக்கு நடுவே நசுங்குவதால்.

காத்தவராயன் கூத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேற்றப்படும் அவனுடைய கதையை யாழ்ப்பாணத்து அம்மன் கோயில் வெளிகளில் சிந்துநடையில் விடியவிடிய ஆடினார்கள், இன்றும் ஆடுகிறார்கள். ஒரே இரவில் ஆதிகாத்தான் தொடங்கிப் பலர் அடுத்தடுத்துக் காத்தானாக வருவார்கள். ஆள் மாறுவார், கழு மாறாது. அந்தக் கழுமரத்தை நட்டது சாதிதான் என்பது பார்ப்பவருக்குச் சொல்லாமலே தெரியும். ஆனால் கூத்து தானாக அதைச் சொல்வதில்லை. சிவனின் சாபம், முற்பிறப்பு என்று வேறு காரணத்தைத்தான் வாயால் சொல்லும். சமூகவழி விளக்கத்தின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. கழு ஏன் அங்கே நிற்கிறது என்பதை அது விளக்கும். அத்தனை பேர் அதைத் தவிர்த்து நடந்தபோது இவன் மட்டும் ஏன் அதை நோக்கி நடந்தான் என்பதை விளக்காது.

சங்கிலிக்கும் அப்படியே. 1591 க்குப் பிறகு நல்லூர் அரியணை போர்த்துக்கேயர் தயவில் இருந்தது. 1617 இல் அரச குடும்பத்தவரைக் கொன்று அதிகாரத்தைப் பிடித்த சங்கிலி குமாரனுக்கு எந்த வழியும் நல்ல வழியாக இருந்திராது. வரலாறாக இது போதும். நாடகமாக இது போதாது.

காட்டிக்கொடுத்தவன்

யாழ்ப்பாணத்தில் மிக வலுவாக வேரூன்றிய விடை இது. அரிஸ்டோட்டிலிடமும் ஹெகலிடமும் இதற்குத் தனி இடம் கிடையாது. இதைச் சற்று நின்று பார்க்கவேண்டும்.

காக்கைவன்னியன் சங்கிலியைக் காட்டிக்கொடுத்தான். 1803 இல் கற்பூரப்புல்வெளியில் ஆங்கிலேயரிடம் தோற்ற பண்டாரவன்னியனின் கதைக்கு வாருங்கள்: அங்கேயும் காட்டிக்கொடுப்பவன் பெயர் காக்கைவன்னியன். இரண்டு நூற்றாண்டு இடைவெளி, வேறு மண், வேறு எதிரி, துரோகிக்கு மட்டும் அதே பெயர். ஒரே பெயரில் இருவர் இருக்கலாம்தான். ஆனால் காக்கைவன்னியன் என்பது ஓர் ஆளின் பெயராக இருந்து, பின் ஒரு பாத்திரத்தின் பெயராகிவிட்டது என்றே நினைக்கத் தோன்றுகிறது. அக்கரையில் எட்டப்பனுக்கு நேர்ந்ததும் அதுவே. கதைக்கு ஒரு துரோகி வேண்டும், அந்த வெற்றிடத்தில் பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்த விளக்கம் ஏன் இவ்வளவு இனிக்கிறது என்பதும் தெளிவு. தோல்வியை அது நாயகனிடமிருந்தும் நம்மிடமிருந்தும் அகற்றிவிடுகிறது. க. கணபதிப்பிள்ளை சங்கிலி நாடகத்தை ஈழத்துத் தமிழர் வரலாறு பற்றிய ஆய்வோடு சேர்த்து வெளியிட்ட ஆண்டு 1956, தனிச்சிங்களச் சட்டம் வந்த ஆண்டு. வைபவமாலை கொடுங்கோலனாக வைத்திருந்தவனை அவர் நாட்டுக்காக நின்றவனாக எழுப்பினார். அந்தக் காலத்துக்கு அது தேவைப்பட்டது என்பதை மறுக்க முடியாது. நல்லூர் முத்திரைச் சந்தியில் குதிரைமேல் வாளோங்கி நிற்கும் சிலையும் அந்த எழுச்சியின் வழிவந்ததே. ஆனால் மன்னாரின் கத்தோலிக்கர் வேதசாட்சிகளாக வணங்குவோரும் அதே பெயருடைய அரசனின் ஆணையால் இறந்தவர்களே. நாயகனைக் கழுவித் தூயவனாக்கிவிட்டால், விழுந்ததற்கு அவனிடத்தில் ஒரு காரணமும் மிஞ்சாது. அப்போது துரோகி முழுப் பாரத்தையும் சுமந்தாகவேண்டும்.

எல்லாக் காட்டிக்கொடுப்புக் கதைகளும் இப்படி மெலிந்தவை அல்ல. பூதத்தம்பியை எடுத்துக்கொள்வோம். 1658 இல், ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த உடனேயே, சதி செய்ததாகக் கொல்லப்பட்டவர்களில் அவனும் ஒருவன். விலாசமாகவும் கூத்தாகவும் ஆடப்படும் கதையில் அந்திராசி என்ற அதிகாரி பூதத்தம்பியின் மனைவி அழகவல்லிமேல் கண்வைக்கிறான், அவளிடம் அவமானப்படுகிறான், பழிவாங்கத் துணிகிறான். இதுவரை பழகிய தடம்தான். பண்டாரவன்னியன் கதையிலும் துரோகத்துக்கு மூலம் மறுக்கப்பட்ட ஆசையே. ஆனால் அடுத்து வருவது வேறு. அந்திராசி ஒரு வெற்றுத்தாளை நீட்டுகிறான், பூதத்தம்பி அதில் கையொப்பம் வைக்கிறான். கையொப்பத்துக்கு மேலே பிறகு எழுதப்படுவது போர்த்துக்கேயருக்கான துரோகக் கடிதம்.

அந்த வெற்றுத்தாள்தான் இந்தக் கதையின் உயிர். பார்ப்பவர்களுக்கு முடிவு தெரியும். வைக்காதே என்று கத்தத் தோன்றும். அவன் வைப்பது முட்டாள்தனத்தாலும் அல்ல, பேராசையாலும் அல்ல. கூட வேலைசெய்பவனை நம்பினான். ஆட்சி மாறி, எசமான் மாறி, மொழி மாறிய ஒரு காலத்தில் பழைய நம்பிக்கையைப் பழையபடியே வைத்திருந்தான். தவறு, குணம், காலம் மூன்றும் ஒரு தாளில் சந்திக்கின்றன. துரோகி திறந்த கதவு அல்ல இது, நாயகன் தாழிடாமல் விட்ட கதவு. இப்படி ஒரு தாள் சங்கிலியின் கதையில் இல்லை என்பதே, அது மேடையில் எவ்வளவு முழங்கினாலும் நெஞ்சைக் குறைவாகத் தொடுவதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

விபீடணனை இங்கே ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். பக்தர்க்கு அவன் அடைக்கலம் புகுந்தவன், ஊர்வழக்கில் வீட்டைக் காட்டிக்கொடுத்தவன். இரண்டும் ஒரே செயல். அவன் வாயில் நியாயத்தை வைத்தபடியால்தான் இராவணனின் வீழ்ச்சி கனக்கிறது. காக்கைவன்னியனுக்கு அப்படியொரு நியாயம் கொடுக்கப்பட்டால் சங்கிலி நாடகம் எப்படி மாறும் என்பது யோசிக்கத்தக்கது.

தீராதவை

மேற்சொன்ன விடைகளில் எதுவும் தனியே எல்லா நாடகத்தையும் தாங்கவில்லை. குணக்குறை என்ற விடை, எனது கணிப்பில், அதிகம் சொல்லப்படுவதும் குறைவாக விளக்குவதும் ஆகும். அறியாமைத் தவறு ஈடிப்பஸுக்கும் பாண்டியனுக்கும் பூதத்தம்பிக்கும் பொருந்தும், கர்ணனுக்கும் இராவணனுக்கும் பொருந்தாது. இந்த இருவகை நாயகரையும் ஒரே சொல்லால் அழைப்பது சரியா என்பதே இன்னும் முடிவாகவில்லை. அரிச்சந்திரனைச் சேர்த்துக்கொண்டால் வரையறை இன்னும் தளரும். சேர்க்காவிட்டால் யாழ்ப்பாணத்துச் சபைகள் அழுத அழுகைக்குக் கணக்குக் காட்ட வேண்டிவரும்.

பெரிய மனிதன் விழுந்தால்தான் அவலமா என்ற கேள்வியை ஆதர் மில்லர் 1949 இலேயே எழுப்பினார். ஈழத்தில் அதற்குப் பிறகு நடந்தவற்றை வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வியின் பாரம் பன்மடங்காகிறது. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் மண் சுமந்த மேனியர் 1985 இல் மேடையேறியபோது நடுவில் நின்றது அரசனோ வீரனோ அல்ல, ஊரே. அத்தகைய நாடகத்தில் ‘ஏன் விழுந்தான்’ என்ற ஒருமைக் கேள்வி செல்லுமா என்பதற்கு நம் விமரிசனம் இன்னும் முழுமையாக முகம்கொடுக்கவில்லை.

கோப்பாய்க்கு ஒதுங்கிய அரசனின் கேள்வியும் மிச்சமிருக்கிறது. நல்லூர் போய்விட்டது, அடுத்த கோட்டையும் நிற்காது. துரத்துபவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். நின்று செத்தால் வீரன், விட்டுப் போனால் ஓடியவன். அவன் விட்டுப் போனான், அரசு இன்னும் 59 ஆண்டு நிலைத்தது. விழாமல் தப்பியதற்கு அவன் கொடுத்த விலை என்ன, அவன் மகனைப் பணயமாகப் பிடித்துக்கொண்டு போனவர்கள் முன் அவன் மனம் என்ன பட்டது என்பதெல்லாம் ஏடுகளில் இல்லை. அவலநாடகத்தின் இலக்கணங்கள் எல்லாம் நின்று விழுந்தவனைப் பற்றியவை. அந்தக் கோட்டையை இரவோடிரவாக விட்டு வன்னிக்கு நடந்தவனுக்கு அவற்றில் எந்த இடம் என்று இன்னும் யாரும் தீர்த்துச் சொல்லவில்லை.